முப்பத்தாறு போட்ட ஒரே பேப்பர்

"எங்க ஸ்ரீமதி டீச்சர்."

இந்த மூணு வார்த்தை காதுல விழுந்தா போதும், காஞ்சனா டீச்சருக்கு அடிவயித்துல யாரோ அடுப்பு பத்த வெச்ச மாதிரி ஆயிடும். சொல்றது யாரோ எவரோ இல்ல, பெத்த பொண்ணு. பன்னெண்டு வயசு மஞ்சுளா. பல்லு விளக்கும்போது எங்க ஸ்ரீமதி டீச்சர், சோத்துல கை வைக்கும்போது எங்க ஸ்ரீமதி டீச்சர், தலை பின்ன உக்காந்தா எங்க ஸ்ரீமதி டீச்சர் ரெட்டைச் சடைதான் அழகுன்னு சொன்னாங்க. அம்மாவும் அதே பள்ளிக்கூடத்துலதான் கணக்கு எடுக்குறாங்க, பதினாலு வருஷமா எடுக்குறாங்க. என்னைக்காவது "எங்க காஞ்சனா டீச்சர்"னு இந்த வாயில வந்திருக்குமா? கேட்டா சிரிக்கும். "நீ அம்மாதானே"ன்னு சொல்லிட்டு ஓடிடும்.

பிள்ளைப்பாக்கத்துல வீடு. பள்ளிக்கூடம் நாலு மைல் தள்ளி, எட்டாவது வரைக்கும் இருக்கிற நடுநிலைப்பள்ளி. ஏழாவதுல ரெண்டு பிரிவு. ஏ பிரிவுக்குக் காஞ்சனா டீச்சர் கணக்கு. டீச்சர் வீட்டுப் பிள்ளை டீச்சர் கிளாஸ்லயே உக்காரக் கூடாதுன்னு தலைமையாசிரியர் தேவநாதன் சார் ஒரு சட்டம் வெச்சிருந்தார். அதனால மஞ்சுளா பி பிரிவு. தொண்ணூத்தியொண்ணு ஜூன் மாசம் பள்ளி தொறந்தப்ப அந்த பி பிரிவுக்குப் புதுசா வந்து சேர்ந்தவதான் ஸ்ரீமதி. இருபத்தினாலு வயசு, கணக்குல பி.எஸ்சி., பி.எட். குன்றத்தூர்லேர்ந்து மொபெட்ல வருவா. மொபெட் சத்தம் கேட்டாலே பசங்க கேட்டுக்கு ஓடும். முதல் ஆளா ஓடுறது யாரு? வேற யாரு.

டிசம்பர் மாசம் பொறந்ததும் வீட்டுப் பின்னால ஊதா ஊதாவா டிசம்பர் பூ பூத்துக் கெடந்துச்சு. காஞ்சனா டீச்சர் செம்பு செம்பா தண்ணி ஊத்தி வளர்த்த செடி. ஒரு நாள் காலையில பாத்தா செடி மொட்டை. மஞ்சுளா வாழைநார்ல முழம் நீளத்துக்குக் கட்டி முடிச்சுட்டு இருந்துச்சு.

"யாருக்குடி இது?"

"எங்க ஸ்ரீமதி டீச்சருக்கு."

"ஏன், உங்கம்மாவுக்குத் தலை இல்லியா?"

"நீ கனகாம்பரம்தானேம்மா வெப்ப?"

அன்னைக்குப் பூரா அந்த ஊதாப்பூ ஸ்ரீமதி தலையில ஆடுறதைப் பாத்துக்கினே பாடம் நடத்தவேண்டியதா போச்சு. பொய் சொல்லுவானேன், பிடுங்கி எறியணும் போலத்தான் இருந்துச்சு. ஊத்தின தண்ணி இவங்களோடது, வாசனை மட்டும் அவளுக்கு. டிசம்பர் பூவுக்கு வாசனையே கிடையாதுன்றது வேற விஷயம், வயிறு எரியும்போது அதெல்லாம் யாரு பாக்குறது.

இப்ப கணக்குக்கு வருவோம். ஏழாவதுல x வந்துடும். x-க்கு ஒரு மதிப்பு குடுத்து, கோவையோட மதிப்பு என்னன்னு கேப்பாங்க. காஞ்சனா டீச்சருக்கு இதை நடத்த சொந்தமா ஒரு வழி உண்டு, பஸ் வழின்னு பேரு. "பூந்தமல்லியில ஏறினா ஸ்ரீபெரும்புதூர் தாண்டாம சுங்குவார்சத்திரம் போவ முடியுமாடா? முடியாது. அதே மாதிரிதான் பெருக்கலும். இடது பக்கம் ஏறு, வரிசையா ஒவ்வொரு ஸ்டாப்பா நின்னு போ. கூட்டல் கழித்தல் எல்லாம் கடைசி ஸ்டாப்." பசங்க கோரஸா கத்தும். 3x + 5, 4x - 7, எதுவா இருந்தாலும் பஸ்ஸு சரியா போய் நிக்கும். 2x²-ம் அப்படித்தான். x மூணுன்னா, ரெண்டு ஸ்டாப்புல ஏறு, மூணைப் பெருக்கு, ஆறு. தலையில நிக்குற குட்டி ரெண்டு அடுத்த ஸ்டாப்பு, ஆறை ஆறால பெருக்கு, முப்பத்தாறு. பதினாலு வருஷமா அந்த பஸ்ஸு அப்படித்தான் ஓடுச்சு. ஒருத்தரும் இறங்கிக் கேள்வி கேட்டது கிடையாது.

நவம்பர்லயே ஒரு சண்டை ஆச்சு. மஞ்சுளா வீட்டுக்கணக்கு போட்டுக்கினு இருந்துச்சு. காஞ்சனா டீச்சர் எட்டிப் பாத்தாங்க. x இருந்த இடத்துல எல்லாம் அடைப்புக்குறி போட்டு, அதுக்குள்ள மூணை எழுதி, 2(3)², அப்புறம் ரெண்டு பெருக்கல் ஒன்பது, பதினெட்டுன்னு முடிச்சிருந்துச்சு.

"இன்னாடி இது அடைப்புக்குறி?"

"அது வூடும்மா. x எங்க கீதோ அங்க ஒரு வூடு கட்டணும், உள்ள மூணைக் குடி வெக்கணும். மேல இருக்குற குட்டி ரெண்டு அந்த வூட்டுக்கு மட்டும் கூரை. பக்கத்துல நிக்குற ரெண்டுக்குக் கூரை கெடையாது. எங்க ஸ்ரீமதி டீச்சர்..."

"உங்க ஸ்ரீமதி டீச்சர் நேத்து வந்தவ. நான் அவ பாவாடை சட்டை போட்டுனு திரியும்போதே x சொல்லிக் குடுத்தவ." சிவப்பு பேனாவை எடுத்துப் பதினெட்டைக் கிழிக்கிற மாதிரி அடிச்சாங்க. மேலே பெருசா முப்பத்தாறுன்னு எழுதினாங்க. "கொண்டுபோய் காமி அவகிட்ட. காஞ்சனா டீச்சர் போட்டதுன்னு சொல்லு."

மஞ்சுளா அம்மா முகத்தைப் பாத்துச்சு, நோட்டைப் பாத்துச்சு, மூடி வெச்சுடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு டீச்சர் அந்த நோட்டைப் புரட்டினா, அந்தப் பக்கமே இல்ல. ஒட்டக் கிழிச்சிருந்துச்சு. டீச்சருக்கு உடனே புரிஞ்சுபோச்சு, அதாவது புரிஞ்சதா நினைச்சாங்க. கிழிச்சு எடுத்துக்கினு போய் அவகிட்ட காட்டியிருக்கு. ரெண்டும் சேர்ந்து என் எழுத்தைப் பாத்து சிரிச்சிருக்குங்க. அன்னையிலேர்ந்து மஞ்சுளா வீட்டுல ஸ்ரீமதி பேரை எடுக்குறதைக் குறைச்சுக்கிச்சு. அது இன்னும் மோசம். பேசினாலாவது திட்டலாம்.

இருடி, அரைப்பரீட்சை வரட்டும்னு காஞ்சனா டீச்சர் மனசுக்குள்ள கறுவிக்கிட்டாங்க. காரணம் இருந்துச்சு. அந்தப் பள்ளியில பேப்பரை மாத்தித்தான் திருத்தணும். ஏ பிரிவுக் கட்டு ஸ்ரீமதிக்கு, பி பிரிவுக் கட்டு காஞ்சனா டீச்சருக்கு. ஒரு தடவை போட்ட மார்க்கை அடிச்சு மாத்தினா, மாத்தின ஒவ்வொரு இடத்துலயும் திருத்தினவங்க சின்னக் கையெழுத்து வைக்கணும். தேவநாதன் சார் கையெழுத்து இல்லாத அடித்தலைப் பாத்தார்னா கட்டையே திருப்பி அனுப்பிடுவார்.

பரீட்சையும் வந்துச்சு. வினாத்தாள்ல ஏழாவது கேள்வி, x = 3 எனில் 2x² இன் மதிப்பு காண்க. மூணு மார்க்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம். காஞ்சனா டீச்சர் கூடத்துல பாயைப் போட்டு, கட்டைப் பிரிச்சு உக்காந்தாங்க. முதல் பேப்பர், ஏழாவது கேள்வி, பதினெட்டு. ஒரு தப்பு. ரெண்டாவது பேப்பர், பதினெட்டு. தப்பு. மூணாவது, வீடு கட்டி, கூரை போட்டு, பதினெட்டு. தப்பு! போகப் போக டீச்சருக்குக் கை துறுதுறுன்னு ஆயிடுச்சு. தப்புக்கு ஒவ்வொரு பெருக்கல் குறி போட்டப்பவும் ஊதாப்பூ ஒண்ணு உதிர்ந்த மாதிரி இருந்துச்சு. பி.எஸ்சி.யாம், பி.எட்.டாம், ஒரு கிளாஸையே கெடுத்து வெச்சிருக்கா! நாளைக்குக் காலையில கட்டைக் கொண்டுபோய் தேவநாதன் சார் மேஜை மேல பொத்துன்னு போடணும். அவ முகம் எப்படிப் போவுதுன்னு பாக்கணும்.

நாப்பத்தியொரு பேப்பர். நாலு பேர் அந்தக் கேள்வியைத் தொடவேயில்ல. மூணு பேர் என்னமோ கிறுக்கி வெச்சிருந்தாங்க. முப்பத்திமூணு பேர் பதினெட்டு.

ஒரே ஒரு பேப்பர்ல மட்டும் முப்பத்தாறு.

காஞ்சனா டீச்சர் அந்த எழுத்தைப் பாத்தாங்க. முன்பக்கத்தைத் திருப்பிப் பேரையும் பாத்தாங்க. ஆர். மஞ்சுளா.

அடி என் தங்கமே! மொத்தக் கிளாஸும் அவ பின்னாடி போச்சு, என் பொண்ணு என் பின்னாடி நின்னுச்சே! டீச்சருக்குக் கண்ணு தளும்பிடுச்சு. அரைப் பக்கத்துக்கு ஒரு சரி போட்டாங்க. அந்த நேரம் பாத்து வீட்டுக்காரர் ராஜசேகர் ஓ.டி. முடிச்சு சைக்கிளைச் சாத்திட்டு உள்ள வந்தார். ஒரகடம் பக்கத்துல ஒரு கம்பெனியில பிரஸ் ஷாப்புல வேலை, தகடு வெட்டுற மிஷின். சட்டையைக் கூட கழட்ட விடல டீச்சர்.

"இன்னாங்க, இங்க வாங்க. இந்தக் கூத்தைப் பாருங்க. அந்த மொபெட் மகாராணி கிளாஸ்ல முப்பத்திமூணு பேர் தப்பு. நம்ம மஞ்சு ஒண்ணுதான் சரி. x மூணுன்னா 2x² எவ்ளோன்னு கேட்டா, பதினெட்டாம்!"

ராஜசேகர் பேப்பரை வாங்கிப் பாத்தார். "சரியாத்தானே எழுதிக்கீறானுங்க?"

"நீங்களும் அவ கட்சியா?"

"கட்சியும் இல்ல, கொடியும் இல்ல. மூணு இஞ்ச் சதுரத்துல ரெண்டு பீஸ் வெட்டணும்னு வெச்சுக்கோ. எவ்ளோ தகடு ஆவும்? ஒரு பீஸு மூணு மூணு ஒன்பது. ரெண்டு பீஸு பதினெட்டு. நீ சொல்ற முப்பத்தாறைக் கேட்டுனு ஸ்டோருக்குப் போனா சூப்பர்வைசர் என்னையே வெட்டிப்புடுவான்." சிரிச்சுட்டுக் கை கழுவப் போயிட்டார் மனுஷன். அவருக்கு அது ஒரு விஷயமே இல்ல.

காஞ்சனா டீச்சர் சிரிக்கல. தகடு வேற, x வேறன்னு சொல்லிப் பாத்துக்கிட்டாங்க. சாக்பீஸை எடுத்துத் தரையிலயே கோடு போட்டாங்க. மூணு கட்டம் நீளம், மூணு கட்டம் அகலம், ஒரு சதுரம். அது x². பக்கத்துலயே இன்னொண்ணு. அது ரெண்டாவது x². விரலை வெச்சு ஒவ்வொரு கட்டமா எண்ணினாங்க. பதினெட்டு. மறுபடியும் எண்ணினாங்க. தரை என்ன யாருக்காவது பரிஞ்சு பேசுமா? பதினெட்டுதான். முப்பத்தாறு வரணும்னா ரெண்டையும் மூணையும் முதல்லயே பெருக்கி, ஆறுக்கு ஆறு கட்டமா ஒரே சதுரம் ஆக்கணும். கேள்வியில அப்படி ஒரு சதுரமே இல்ல. குட்டி ரெண்டு x தலையில மட்டும்தான் நிக்குது. பக்கத்து ரெண்டுக்குக் கூரை கெடையாது.

பதினாலு வருஷம். எத்தனை பிள்ளைங்க! ரெண்டு வருஷம் முன்னாடி படிச்சுட்டுப் போன சின்னப்பையன்னு ஒருத்தன், ஹைஸ்கூல்ல ஒன்பதாவது சேர்ந்ததும் வந்து சொன்னானே, "டீச்சர், அங்க ஸ்கொயர் கணக்கெல்லாம் எனக்குத் தப்பு தப்பாவே வருது"ன்னு. கவனமா போடுடா கழுதைன்னு திட்டி அனுப்பினாங்க. அவன் கவனமாத்தான் போட்டிருக்கான். அவங்க சொல்லிக் குடுத்த பஸ்ஸுல ஏறித்தான் போயிருக்கான்.

அதுக்கப்புறம்தான் மஞ்சுளா பேப்பரை இன்னொரு தடவை எடுத்தாங்க. முதல் தடவை சந்தோஷத்துல ஓரத்தைப் பாக்கல. செய்முறை எழுதுற ஓரத்துல, சின்ன எழுத்துல, 2(3)². அதுக்குக் கீழ 2 × 9. அதுக்குக் கீழ 18. மூணு வரிமேலயும் ஒரே ஒரு கோடு, ஸ்கேல் வெச்சு நேரா அடிச்சது. அதுக்கு நேரா விடை எழுதுற இடத்துலதான் முப்பத்தாறு.

சரியா போட்டுட்டு, தெரிஞ்சே அடிச்சிருக்கு.

மஞ்சுளா பம்புலேர்ந்து குடத்தோட உள்ள வந்துச்சு. தரையில ரெண்டு சதுரம், அம்மா கையில தன் பேப்பர். குடத்தை இறக்கிக்கூட வைக்கல, அப்படியே நின்னுடுச்சு.

"மஞ்சு. உனக்குப் பதினெட்டுன்னு தெரியுமா தெரியாதா?"

மஞ்சுளா தரையில இருந்த சதுரத்தையே பாத்துச்சு.

"தெரிஞ்சு ஏன்டி அடிச்ச?"

"நீதானே திருத்துவ." குடம் இடுப்புல ஆடி தண்ணி சிந்துச்சு. "எல்லாரும் பதினெட்டு போடுவாங்கன்னு எனக்குத் தெரியும்மா. உன் கணக்கை ஒருத்தர் கூட போடலைன்னா உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

டீச்சர் பேப்பரை மடியில வெச்சாங்க. "அப்போ அந்த நோட்டு? பக்கத்தைக் கிழிச்சு அவகிட்டதானே காட்டின?"

"ஐயோ, இல்லம்மா! கிழிச்சு அடுப்புல போட்டேன். எங்க ஸ்ரீமதி டீச்சர் பாத்தா உன்னை இன்னா நெனப்பாங்க?"

காஞ்சனா டீச்சர் குடத்தை வாங்கிக் கீழ வெச்சாங்க. பொண்ணைக் கட்டிக்கினு அழுதிருக்கலாம். அழல. பாயில உக்காந்து சிவப்பு பேனாவை எடுத்தாங்க. முதல் பேப்பர், ஏழாவது கேள்வி. போட்ட பெருக்கல் குறியை அடிச்சு, சரி போட்டு, மூணு மார்க் போட்டு, பக்கத்துல "கா." னு கையெழுத்து. ரெண்டாவது பேப்பர், கையெழுத்து. பதினைஞ்சாவதுல கை வலிச்சுது. கோவமும் வந்துச்சு, யார் மேலன்னு தெரியாத கோவம். இந்தக் கட்டு நாளைக்கு அவ கைக்குத்தான் போவும். ஒவ்வொரு கையெழுத்தையும் எண்ணிப் பாப்பா. பாக்கட்டும்னு சொல்லிக்கினே போட்டாங்க. முப்பத்திமூணு முடிஞ்சுது.

கடைசியா மஞ்சுளா பேப்பர். மஞ்சுளா பக்கத்துல வந்து முட்டியைக் கட்டிக்கினு உக்காந்துச்சு. அரைப் பக்கத்துக்குப் போட்ட அந்த சரியை அடிக்க டீச்சருக்குக் கை ஓடல.

"அடிம்மா"ன்னு மெதுவா சொல்லுச்சு மஞ்சுளா. "விடை தப்புதானே."

அடிச்சாங்க. சைபர் போட்டாங்க. "கா." முப்பத்தினாலாவது கையெழுத்து.

திங்கக்கிழமை ஓய்வறையில கட்டு கை மாறுச்சு. ஸ்ரீமதி ஏ பிரிவுக் கட்டை நீட்டினா. தலையில ஊதாப்பூ. "அக்கா, ஏழாவது கேள்வி மட்டும் நான் தொடல. நீங்களே ஒரு தடவை பாத்துப் போட்டுடுங்க"ன்னு தாழ்ந்த குரல்ல சொல்லிட்டு நகர்ந்துட்டா.

பிரிச்சுப் பாத்தா, அத்தனை பேப்பர்லயும் முப்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்தாறு. பக்கத்துல சரியும் இல்ல, தப்பும் இல்ல. பென்சில்ல ஒரு சின்னப் புள்ளி மட்டும். கட்டு கைக்கு வந்த நாள்லேர்ந்தே இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தேவநாதன் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. காஞ்சனா டீச்சர் எதைக் கொண்டுபோய் மேஜையில போடணும்னு துடிச்சாங்களோ, அதே மாதிரி ஒரு கட்டை இவ கமுக்கமா மூடி வெச்சுத் திருப்பிக் குடுக்குறா. அழகா இருக்கா, படிச்சிருக்கா, மொபெட் வெச்சிருக்கா. நல்லவளாவும் இருந்து தொலையணுமா? தப்புன்னு நாலு பெருக்கல் குறி போட்டிருந்தா வயிறு இந்த எரி எரிஞ்சிருக்காது.

ஸ்ரீமதி புள்ளி வெச்ச இடத்துல எல்லாம் காஞ்சனா டீச்சர் தானே பெருக்கல் குறி போட்டு முடிச்சாங்க. மூணாவது பீரியட் ஏ பிரிவுக்குப் போய்க் கரும்பலகையில ரெண்டு சதுரம் வரைஞ்சாங்க.

"டேய், இந்த ஸ்டாப்புல நம்ம பஸ்ஸு தப்பான ரோட்டுல போயிடுச்சு. டிரைவர் நான்தான். தப்பும் என்னுதுதான். எண்ணுங்க."

பசங்க எண்ணுச்சுங்க. பதினெட்டு வந்ததும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிச்சுங்க. "x எங்க இருக்கோ அங்க ஒரு வீடு கட்டு"ன்னு சொல்லும்போது டீச்சருக்கு நாக்குல வேப்பங்காய் கசந்துச்சு. ஆனா சொன்னாங்க. கூரை வரைக்கும் சொன்னாங்க.

சாயங்காலம் தலை பின்ன உக்காந்துச்சு மஞ்சுளா. சீப்பு சிக்கல்ல மாட்டி மாட்டி வந்துச்சு. பாதி பின்னல்ல மஞ்சுளா என்னமோ ஞாபகம் வந்து துள்ளிச்சு.

"அம்மா, இன்னைக்கு எங்க ஸ்ரீ..."

சட்டுனு வாயை மூடிக்கிச்சு. கழுத்து ஆடாம நின்னுச்சு. காஞ்சனா டீச்சர் கையில சடை அப்படியே நின்னுச்சு. பன்னெண்டு வயசுப் பொண்ணு, தன் வாயில வர்ற ஒரு பேரைத் தானே ஸ்கேல் வெச்சு அடிக்கக் கத்துக்கிட்டு இருக்கு. அதைக் கத்துக் குடுத்தது யாரு?

வயித்துல அடுப்பு எரிஞ்சுக்கினுதான் இருந்துச்சு. அது இன்னைக்கோ நாளைக்கோ அணையற அடுப்பு இல்ல. டீச்சர் பின்னலை அவுத்தாங்க. நடு வகிடு எடுத்து, முடியை ரெண்டாப் பிரிச்சாங்க, ரெட்டைச் சடைக்கு.

"ம், சொல்லு"ன்னாங்க. "உங்க ஸ்ரீமதி டீச்சர் இன்னா சொன்னாங்க?"